பக்கத்தில் நிற்பவன் யார்?

மேடை ஒன்று. நடுவிலே ஒருவர் நின்று பாடுகிறார். ஒளிவிளக்கு அவர் முகத்தின்மீது விழுகிறது. அவருக்கு இருபுறமும் ஐவர், அறுவர் இருக்கின்றனர். மூச்சை முழுவதும் கொட்டி ஊதுகின்றனர், விரல் தேய மீட்டுகின்றனர், தோள் வலிக்க முழக்குகின்றனர். பாட்டு முடிகிறது, கைதட்டல் எழுகிறது. எழுந்த கைதட்டல் எவருக்கு உரியது? நடுவில் நின்றவருக்கே என்கிறது ஊர். மற்றவர்களைப் 'பக்கவாத்தியம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டு வீடு திரும்புகிறது.

சொல் சிறிது, அதற்குள் பதுங்கியிருக்கும் தீர்ப்போ பெரிது. ஒருவர் முதன்மை, மற்றவர் துணை; ஒருவர் பெயர் பெறுவார், மற்றவர் கூலி பெறுவார் என்பதே அத்தீர்ப்பு. இசைமேடையோடு நின்றுவிடும் வழக்கமா இது? தொழிற்சாலையிலே, வயலிலே, ஆட்சிமன்றத்திலே, வீட்டிலேகூட இதே தீர்ப்பு நாள்தோறும் எழுதப்படுகிறது. ஆகவேதான் கேட்கிறோம்: பலர் கூடி ஈட்டிய உயர்வு எவருக்கு உரியது? சமத்துவம் என்பது கையில் காசில்லாத காலத்தில் மட்டும் இனிக்கும் பேச்சா? புகழும் பொருளும் வந்து குவிந்த பின்னும் நிலைத்து நிற்கும் நெறியா?

இக்கேள்வியை வெறுஞ்சொல்லால் ஆராய்வதைவிட, வாழ்ந்து காட்டிய ஒரு கூட்டத்தின் கதையை வைத்து ஆராய்வது நலம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் தோன்றி, அந்நகரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இசைக்குழுவை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஜாஸ் இசையையும் ராக் இசையையும் இணைத்து, ஊதுகருவிகளை முன்வரிசைக்குக் கொணர்ந்த குழு அது. எழுவர் சேர்ந்து எழுந்தார்கள். எழுந்த பின் என்ன ஆனார்கள் என்பதிலேதான் நமக்குரிய பாடம் இருக்கிறது.

1967-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சிகாகோவில் வால்டர் பாராசைடர் என்ற இளைஞரின் இல்லத்தில் அறுவர் கூடினர். பாராசைடர் சாக்சபோனும் புல்லாங்குழலும் ஊதுபவர். லீ லாக்னேன் டிரம்பெட். ஜேம்ஸ் பாங்கோ டிராம்போன். இம்மூவரும் டிபால் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். டெர்ரி காத் கிதார் வாசித்தார். டேனி செராஃபின் டிரம்ஸ் முழக்கினார். ராபர்ட் லாம் ஆர்கனும் பியானோவும் இசைத்தார். அவ்வாண்டின் இறுதியில் பேஸ் கிதாருடன் பீட்டர் செட்டெரா வந்து சேர, எழுவர் ஆயினர். 'தி பிக் திங்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, இரவு விடுதிகளிலே பிறர் பாடல்களை வாசித்துப் பிழைப்பைத் தொடங்கினர்.

அந்நாளில் ராக் இசையின் அரசன் கிதார். மின்னாற்றலால் முழங்கும் அக்கருவியின் முன்னே, மனிதன் மூச்சை மட்டுமே நம்பியுள்ள ஊதுகருவி என் செய்யும்? ராக் இசையிலே ஊதுகருவிகள் இல்லாமல் இல்லை. எனினும் அவற்றுக்கு அளிக்கப்பட்ட வேலை பெரும்பாலும் ஒன்றே. பாடகர் ஓர் அடி பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு மூன்று சுரங்களை ஒலித்து, அவர் சொன்னதற்கு 'ஆம்' போடுவதுதான் அது. அவர் மீண்டும் வாய் திறந்தால் இவை வாய் மூடவேண்டும்!

எழுவர் இந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. 1966-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் பாடலொன்றில் ஊதுகருவிகள் முழங்கிய முழக்கம், பாராசைடர் உள்ளத்திலே ஓர் எண்ணத்தை மூட்டியது: ஊதுகருவிகள் வந்துபோகும் விருந்தினராக இராமல், குடும்பத்தில் ஒருவராகவே இருந்தால் என்ன? பாங்கோ அந்த எண்ணத்துக்கு உருக் கொடுத்தார். டிரம்பெட், சாக்சபோன், டிராம்போன் என்ற மூன்றையும் ஒரே வாய்போல இணைத்து, பாடகரின் குரலுக்கு நிகரான இன்னொரு குரலாக அமைத்தார். பாட்டு ஒரு வழியே போகும். ஊதுகருவிகள் தமக்கென ஒரு மெட்டைத் தாங்கி வேறு வழியே வரும். இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அச்சந்திப்பிலே கேட்போர் நெஞ்சு நிமிரும். அடிமையின் 'ஆம்' அங்கே இல்லை. தோழனின் மறுமொழி இருந்தது.

1968-இல் இவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்தனர். ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ என்பவர் இவர்களின் இசைத்தட்டுகளைத் தயாரிக்கும் பொறுப்பேற்றார். 1969-இல் முதல் வெளியீடு வந்தது. அறிமுகமாகும் குழுவுக்கு ஒரு தட்டே பெரிது என்றிருந்த காலத்திலே இரட்டைத் தட்டு! சிகாகோ நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரையே குழுவுக்குச் சூட்டியிருந்தனர். அந்நிறுவனம் வழக்குத் தொடுப்போம் என்றதும் பெயர் சுருங்கி, 'சிகாகோ' மட்டும் நின்றது.

அந்தத் தட்டுகளின் உறையைப் பாருங்கள். பாடகரின் புன்னகை இல்லை; பெரும்பாலும் எவர் முகமும் இல்லை. வளைந்து நெளிந்த எழுத்தில் குழுவின் பெயரே முதன்மையாக இருக்கும். கொலம்பியா நிறுவனத்தின் ஓவியப் பொறுப்பாளர் ஜான் பெர்க் வகுத்த வழி அது. ஒரு முறை மரத்தில் செதுக்கியதுபோல, ஒரு முறை தோலில் பதித்ததுபோல, ஒரு முறை சாக்லெட் கட்டியில் வார்த்ததுபோல, அதே எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. வெளியீடுகளுக்குக் கவர்ச்சிப் பெயர்கூட இல்லை. இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு என்று எண் மட்டுமே. முகத்தை விற்றுப் பிழைக்கும் தொழிலிலே முகம் காட்ட மறுத்தவர்கள்! எழுவரில் எவர் முகத்தைப் போடுவது என்ற கேள்விக்கு, எவர் முகமும் வேண்டா என்பதே விடையாயிற்று.

அந்தச் சமத்துவம் அவர்களைத் தாழ்த்தியதா? இல்லை, உயர்த்தியது. 1970-இல் வந்த இரண்டாம் வெளியீட்டில், ஏறத்தாழ 13 நிமிடம் ஓடும் தொடர் இசை ஒன்று உண்டு. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 'மேக் மீ ஸ்மைல்' என்ற பாடல்தான், அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் இக்குழுவை முதன்முதலில் கொண்டு சேர்த்தது. அதை எழுதியவர் யார்? டிராம்போன் ஊதிய பாங்கோ! பக்கத்தில் நிறுத்தப்படும் கருவியை ஊதியவர் எழுதினார். கிதார் வாசித்த காத் பாடினார். அதே வெளியீட்டில் லாம் எழுதிய '25 ஆர் 6 டு 4' பாடலைச் செட்டெரா பாடினார். 1974-இல் டிரம்பெட் ஊதும் லாக்னேன் எழுதிய 'கால் ஆன் மீ'யும் முதல் பத்துக்குள் சென்றது. இன்று இவர் முன்னே, நாளை அவர் முன்னே. 1971-இல் நியூயார்க் கார்னகி மன்றத்தில் ஒரு வாரம் இசை நிகழ்த்தி, அதை நான்கு தட்டுகளாக வெளியிட்டனர். 1972 முதல் 1975 வரை ஐந்து வெளியீடுகள் அடுத்தடுத்து முதலிடம் பெற்றன. எழுவரின் தோள்மீது எழுவரும் ஏறி நின்ற உயரம் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "திறமை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லையே! ஒருவர் குரலில் தேன். மற்றவர் குரலில் மணல். இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது தேனுக்குச் செய்யும் அநீதி அல்லவா?" என்பார் உளர். மறுப்பில் பொருள் இல்லாமல் இல்லை. வகுப்பிலே நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியராகிய நாம், எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் இடுவதில்லை, இடவும் கூடாது. ஆனால் எல்லாருடைய விடைத்தாளையும் படிக்கிறோம். படிக்காமலே, 'இவன் கடைசி வரிசை' என்று ஒதுக்கினால் நாம் ஆசிரியர் அல்லோம். சமத்துவம் என்பது திறமைகளை வெட்டிச் சமன் செய்வதன்று. எவன் திறமையையும் கேட்பதற்கு முன்பே தள்ளிவிடாதிருப்பது. கேட்டபின் அவன் பங்கை அவன் பெயரிலே எழுதுவது. டிராம்போன் ஊதுபவன் பாட்டு எழுதுவானா என்று எள்ளி நகையாடியிருந்தால், 'மேக் மீ ஸ்மைல்' பிறந்திருக்குமா? தேனுக்கு அநீதி நேரவில்லை. மணல் என்று நினைத்த இடத்திலே ஊற்று இருந்தது தெரியவந்தது.

இக்கணக்கை இன்னும் நேர்மையாக எழுதுவதானால், எழுவருக்கு அப்பாலும் பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஜாஸ், நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து விடுபட்டு வேலை தேடி வடக்கே வந்த அம்மக்களோடு அவ்விசையும் சிகாகோ வந்து சேர்ந்தது. 1922-இல் கிங் ஆலிவர் அழைக்க, இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கையில் கார்னெட்டுடன் வந்திறங்கிய நகரம் அது. எழுவரோ வெள்ளையர். ஊதுகருவியை முன்னே நிறுத்தியது இவர்கள் துணிவு. ஊதுகருவியைப் பேசவைத்தது அவர்கள் உழைப்பு. வெள்ளையர் கற்றது குற்றமன்று. கலைக்கு வேலி இல்லை. ஆனால் கற்ற இடத்தைச் சொல்லாமல் விடுவது குற்றம். இவர்களது உயர்வைப் பேசும் எவரும் அந்தக் கடனையும் சேர்த்தே பேசவேண்டும். பக்கவாத்தியம் என்று கருவியைத் தள்ளுவதே தவறென்றால், பக்கத்து மக்கள் என்று ஓர் இனத்தையே தள்ளுவதை என்னென்பது!

தொடக்க நாட்களில் இவர்கள் தம் காலத்து அநீதியைக் கண்டு வாய்மூடி இருந்தவர்களும் அல்லர். 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, வியத்நாம் போரை எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள்மீது போலீசார் தடியடி நடத்தினர். அத்தெருவில் எழுந்த முழக்கத்தின் ஒலிப்பதிவைத் தம் முதல் வெளியீட்டிலேயே சேர்த்தனர். இரண்டாம் வெளியீட்டின் உறையில், புரட்சியை நாடும் மக்களுக்கே தம்மை ஒப்படைப்பதாக எழுதினர். கார்னகி மன்ற வெளியீட்டோடு வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் முறையையும் அச்சிட்டுக் கொடுத்தனர்.

பிறகு வந்தது திருப்பம். 1976-இல் 'இஃப் யூ லீவ் மீ நவ்' என்ற பாடல் வெளிவந்தது. செட்டெரா எழுதி, செட்டெரா பாடிய மென்மையான காதற்பாட்டு. பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த இக்குழுவின் முதல் பாடல் அதுவே. கிராமி விருதும் பெற்றது. நல்ல பாட்டு, அதைக் குறை சொல்ல நமக்கு விருப்பமில்லை. ஆனால் வணிகம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது: 'இந்தக் குரல் விற்கிறது!' அன்றிலிருந்து ஒளிவிளக்கு மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகரத் தொடங்கியது.

1978 ஜனவரியில் கைத்துப்பாக்கி விபத்தொன்றில் டெர்ரி காத் உயிரிழந்தார். அவ்வாண்டில் வந்த வெளியீட்டுக்கு எண் இல்லை, பெயர் இருந்தது. உறையிலே முகங்களும் இருந்தன. அடுத்த ஆண்டே பழைய வழிக்குத் திரும்பினர் என்றாலும், ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது. 1982-இல் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் துணையோடு மீண்டும் எழுந்தனர். 'ஹார்டு டு சே ஐ ஆம் சாரி' முதலிடம் பெற்றது. அப்பாடலின் இறுதியில் ஊதுகருவிகள் முழங்கும் பகுதி ஒன்று உண்டு. அப்பகுதி இல்லாமலும் அப்பாடல் வானொலியில் ஒலித்தது! 1984-இல் வந்த பதினேழாம் வெளியீடு, அவர்களது புதுப் பாடல் தட்டுகள் அனைத்தையும் விற்பனையில் விஞ்சியது. அதிலே மின்னணு இசைக்கருவிகளின் ஒலி மேலோங்கியது. ஊதுகருவிகள் பின்னுக்குச் சென்றன. எதை முன்னே கொண்டுவரப் புறப்பட்டார்களோ அது, உச்சிக்கு ஏறிய அன்று பக்கத்தில் நின்றது.

1985-இல் செட்டெரா விலகித் தனியே சென்றார். 1988-இல் குழு மீண்டும் முதலிடம் பிடித்தது, குழுவைச் சாராத டயன் வாரன் எழுதிய பாட்டினால். 1990-இல், தொடக்க நாள் முதல் தாளம் தாங்கிய செராஃபின் நீக்கப்பட்டார். யார்மீது பழி என்று தீர்ப்பளிக்க நாம் இங்கே வரவில்லை. தனித்துப் பாட விரும்புவது ஒருவரின் உரிமை. பிரிவுக்கு இரு தரப்பிலும் காரணம் இருக்கும். நாம் காண்பது மனிதர்களின் குற்றத்தை அன்று. உயர்வு வந்தவுடன் மனிதர்களை இழுக்கும் இழுப்பை.

"மக்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். பிழைப்பு நடக்கவேண்டாமா? 1981-இல் கொலம்பியா நிறுவனமே கைவிட்ட குழு அல்லவா அது?" என்று கேட்கலாம். கேட்பது நியாயம். பட்டினி கிடந்து கொள்கை பேசு என்று பிறருக்குப் போதிப்பது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். மென்மையான பாட்டைப் பாடியதும் பிழையன்று. எனினும் ஒன்றைக் கேட்போம். மக்கள் 1970-இல் டிராம்போன் ஊதுபவர் எழுதிய 13 நிமிட இசையையும் கேட்டார்களே! அதைக் கேட்ட காதுகள் யாருடையவை? மக்கள் கேட்டதை மட்டுமே வணிகர் கொடுப்பதில்லை. எதைக் கொடுத்தால் விலை சுலபமோ அதைக் கொடுத்துவிட்டு, மக்கள் கேட்டார்கள் என்பதும் உண்டு. ஒரு முகத்தை விளம்பரம் செய்வது எளிது. ஏழு முகங்களை விளம்பரம் செய்வது கடினம். ஆகவே ஒருவர் போதும் என்று முடிவு செய்கிறது சந்தை. அந்த முடிவுக்கு 'மக்கள் விருப்பம்' என்ற பெயர் சூட்டப்படுகிறது.

இதே காலத்தில் நியூயார்க்கில் எழுந்த இன்னோர் ஊதுகருவிக் குழுவையும் எண்ணிப்பாருங்கள். 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' என்பது அதன் பெயர். குருதி, வியர்வை, கண்ணீர்! அதை 1967-இல் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவரான ஆல் கூப்பர், முதல் வெளியீட்டோடு விலக நேர்ந்தது. டேவிட் கிளேட்டன்-தாமஸ் என்ற புதுப் பாடகருடன் வந்த இரண்டாம் வெளியீடு, பீட்டில்ஸின் 'ஏபி ரோடு' வெளியீட்டோடு போட்டியிட்டு அவ்வாண்டின் சிறந்த வெளியீட்டுக்கான கிராமி விருதை வென்றது. தோற்றுவித்தவர் இன்றியே வெற்றி வந்தது. ஆகவே வெற்றிக்கு ஒருவரே வேர் என்பதும் பொய். எவரை இழந்தாலும் இழப்பில்லை என்பதும் பொய். கூட்டு உழைப்பின் கணக்கு, கூட்டல் கழித்தலில் அடங்குவதில்லை.

அப்படியானால் நம் கேள்விக்கு விடை என்ன? உயர்வு எவருக்கு உரியது? உழைத்த அனைவருக்கும் உரியது. இது ஈகை அன்று, கணக்கு. பக்கத்தில் நின்றவனுக்குப் பங்கு கொடுப்பவன் வள்ளல் ஆகிவிடமாட்டான். வாங்கிய கடனைத் திருப்பித் தருபவன் ஆவான். சமத்துவத்தை வறுமைக்கால உடன்படிக்கையாக வைத்துக்கொண்டு, வளம் வந்ததும் கிழித்தெறிபவன், தான் ஏறிய ஏணியை மற்றவன் தலைமீது தள்ளுகிறான். ஏணி விழுந்தால் இறங்கவும் வழியில்லை என்பதை மறக்கிறான்.

2016-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ராக் இசைப் புகழ்மன்றம் இக்குழுவைச் சிறப்பித்தது. அன்று பட்டியலில் எழுதப்பட்டவை ஏழு பெயர்கள். மறைந்த காத்தின் பெயர் இருந்தது. விலகிய செட்டெராவின் பெயர் இருந்தது. அவர் விழாவுக்கு வரவில்லை. நீக்கப்பட்ட செராஃபினின் பெயரும் இருந்தது. 26 ஆண்டுகளுக்குப் பின் அவர் வந்தார், பழைய தோழர்களோடு அமர்ந்து முழக்கினார். வணிகம் ஒரு பெயரைப் பெரிதாக எழுதியது. வரலாறு ஏழு பெயரையும் ஒரே அளவில் எழுதியது.

வரலாறு எழுதும்வரை காத்திருப்பானேன்? 49 ஆண்டுகள் கழித்துக் கொடுக்கும் மரியாதையை இன்றே கொடுத்தால் என்ன? அடுத்த முறை மேடையில் கைதட்டல் எழும்போது, நடுவில் நிற்பவரைப் பார்த்த கண்ணைச் சற்றே பக்கமும் திருப்புவோம். மூச்சு வாங்க நிற்கும் அந்த மனிதரின் பெயரைக் கேட்டு அறிவோம். அவரைப் பக்கத்தில் நிறுத்தியது அவர் திறமை அல்ல, நம் பார்வை!